‘அந்நியன்’ கடைசிக் காட்சி: ரயிலில் தள்ளியபோது அம்பிக்கு நோய் இருந்ததா?

அல்லிக்கேணி | ஞாயிறு, இரவு 9:50

போன வாரம் மகளோடு உட்கார்ந்து ‘அந்நியன்’ மறுபடி பார்த்தேன். 2005-ல் தியேட்டரில் இரண்டு தடவை பார்த்த படம். அவளுக்கு இப்போது பதினாறு வயது. படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் வரவில்லை. “கடைசியில அந்த ஆளைத் தள்ளி விடறானே, அப்ப அவனுக்குப் புத்தி சரியில்லையா, இல்ல தெரிஞ்சே செய்யறானாப்பா?”

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. திருவல்லிக்கேணி அம்பி ஒரு வக்கீல், விதி பிசகாதவன். யார் தப்பு செய்தாலும் புகார் கொடுப்பான், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவனுக்குள்ளேயே அவனுக்குத் தெரியாமல் இன்னும் இரண்டு பேர்: நந்தினிக்காகப் பிறந்த ரெமோ, கருட புராணத்துத் தண்டனைகளைக் கையில் எடுக்கும் அந்நியன். சின்ன வயதில் தங்கை வித்யா மழைத் தண்ணீரில் மின்சாரம் தாக்கிச் செத்ததுதான் வேர் என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார். நீதிமன்றம் தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்புகிறது. இரண்டு வருடம் கழித்துக் குணமானவன் என்று வெளியே வருகிறான். நந்தினியோடு ரயிலில் போகும்போது குடித்துக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்க்கிறான். தங்கை சாகக் காரணமான அதே எலெக்ட்ரீஷியன். ஓடும் ரயிலிலிருந்து தள்ளி விடுகிறான். நந்தினியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கென்னவோ அவன் தெளிவாகத்தான் இருந்தான் என்று படுகிறது. தெளிவு இல்லாதவன் மறைக்க மாட்டானே. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

ரீல்பெட்டி | ஞாயிறு, இரவு 10:25

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காட்சியின் அர்த்தமே மூன்று பேரும் ஒன்றாகிவிட்டார்கள் என்பதுதான். வெளியே வந்த அம்பியைப் பாருங்கள், பழைய விறைப்பு இல்லை. நந்தினியோடு சகஜமாகப் பேசுகிறான், அது ரெமோ. தப்பு செய்தவனைத் தண்டிக்கிறான், அது அந்நியன். மொத்தத்தையும் ஞாபகத்தோடு செய்கிறான், அது அம்பி. ஒரு மனிதன் முழுசாகிவிட்டான். இப்படிப்பட்ட நோய்க்குச் சிகிச்சையின் குறிக்கோளே பிரிந்தவற்றைச் சேர்ப்பது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அவன் குணமானவன். குணமானவன் செய்த கொலை என்பது வேறு விஷயம்.

கருப்புக்கோட்டு | திங்கள், காலை 7:10

இருவருமே இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போடுகிறீர்கள். நோய் இருந்ததா என்பது டாக்டரிடம் கேட்க வேண்டியது. பொறுப்பு உண்டா என்பதுதான் கோர்ட் கேட்பது. நோய் இருந்தும் பொறுப்பு இருக்கலாம். மதுரையில் பதினெட்டு வருடமாக கிரிமினல் வழக்கு நடத்துகிறேன், இந்த வித்தியாசத்தைக் கட்சிக்காரர் குடும்பத்துக்குப் புரிய வைப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

சட்டம் சொல்வது இதுதான். இந்திய தண்டனைச் சட்டம் 84-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. செயலைச் செய்த அந்த நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது இன்னதென்றே தெரியாமல் இருந்திருக்க வேண்டும். அல்லது அது தவறு, சட்டத்துக்கு விரோதம் என்று அறிய முடியாமல் இருந்திருக்க வேண்டும். முந்தின வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தான் என்பதோ, வீட்டில் வினோதமாக நடந்துகொண்டான் என்பதோ போதாது. 1964-ல் தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையே: முக்கியமான நேரம் குற்றம் நடந்த நேரம்தான், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை அந்த நேரத்து மனநிலையைக் காட்டும் சாட்சிகள்.

இது எங்கிருந்து வந்தது என்றால் லண்டனில் 1843-ல் நடந்த ஒரு வழக்கு. டேனியல் மெக்நாட்டன் என்ற மரக்கடைசல் தொழிலாளி. ஆளுங்கட்சிக்காரர்கள் தன்னை விடாமல் துரத்துகிறார்கள் என்று நம்பினான். பிரதமர் பீலைச் சுடப்போய் அவருடைய செயலர் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றான். ஜூரி விடுவித்தது, பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பினார்கள். ஊரே கொதித்தது. அதற்குப் பிறகு நீதிபதிகள் வகுத்த விதிதான் கப்பலேறி நம் 84 ஆனது.

இப்போது ரயிலுக்கு வாருங்கள். ஆளை அடையாளம் தெரிகிறது. ஏன் கொல்கிறோம் என்று தெரிகிறது. யாருக்கும் தெரியக்கூடாது என்பதும் தெரிகிறது. இந்தக் கேஸில் 84 கேட்டு நான் நின்றால் நீதிபதி என்னை நிமிர்ந்து பார்ப்பார்.

ரீல்பெட்டி | திங்கள், காலை 8:02

வக்கீல் சார், அப்படிப் பார்த்தால் முதல் மூன்று கொலைகளும் மாட்டுமே? எருமைகளை ஏவி விடுகிறான், எண்ணெயைக் காய்ச்சுகிறான், ரத்தம் குடிக்கும் அட்டைகளைச் சேகரிக்கிறான். வெப்சைட் வைத்துப் பெயர்ப் பட்டியலே எடுக்கிறான். நேரு ஸ்டேடியத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்று இதற்காகத்தான் கொன்றேன் என்று சொல்கிறான். தெரியாமல் செய்த மாதிரி எங்கே இருக்கிறது?

கருப்புக்கோட்டு | திங்கள், மதியம் 1:40

சரியான இடத்தில் பிடித்தீர்கள். உள்ளபடி சொன்னால் படத்தில் வரும் தீர்ப்பு நம் கோர்ட்டில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. திட்டம் போட்டது, கருவி சேர்த்தது, தடயம் விட்டு போலீசுக்குச் சவால் விட்டது எல்லாமே அரசு தரப்புக்குக் கிடைத்த கரும்பு. தான் செய்வது தர்மப்படி சரி என்று நம்பினான் என்பதை மட்டும் வைத்துத் தப்பிக்க முடியாது. சட்டத்துக்கு விரோதம் என்று தெரிந்திருந்தால் போதும். அந்நியனுக்குத் தெரியும். சட்டம் கைவிட்டதால்தான் வந்தேன் என்று அவனே சொல்கிறான்.

எதிர்த்தரப்பு வைக்கக்கூடிய ஒரே வாதம்: அந்நியனுக்குத் தெரிந்தது அம்பிக்குத் தெரியாது, குற்றவாளிக் கூண்டில் நிற்பது அம்பி. சட்டப் புத்தகத்தில் ஓர் உடம்புக்கு ஒரு ஆள்தான், மூன்று ஆளுக்கு இடமில்லை. ஆனால் அமெரிக்காவில் ஒருமுறை இது ஜெயித்திருக்கிறது. ஒஹாயோவில் பில்லி மில்லிகன் என்பவன் 1977-ல் பெண்களைக் கடத்திப் பாலியல் வன்முறை செய்ததாகக் கைதானான். அவனுக்குள் பல ஆளுமைகள், செய்தது வேறொரு ஆளுமை என்று வாதாடினார்கள். 1978-ல் விடுவித்தார்கள். பிறகு சுமார் பத்து வருடம் மனநல மருத்துவமனைகளில்தான் கிடந்தான். இந்தக் காரணத்துக்காக அங்கே விடுதலையான முதல் ஆள் அவன்தான்.

இன்னொன்று. இப்படி விடுவித்தால் ‘போய் வா’ என்று கதவைத் திறந்துவிட மாட்டார்கள். பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 334-ன்படி அவன்தான் செய்தான் என்பதையும் தீர்ப்பில் எழுத வேண்டும். 335-ன்படி பாதுகாப்பில் வைக்க வேண்டும். படத்தில் இந்தப் பகுதி ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது.

மலர்சிஸ்டர் | திங்கள், இரவு 9:15

டூட்டி முடிந்து வந்து மொத்தமும் படித்தேன். மனநல வார்டில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். அம்பிக்குப் படத்தில் சொல்வது மனச்சிதைவு நோய் இல்லை. ஊரில் பத்தில் எட்டுப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். மனச்சிதைவில் ஆள் மாறுவதில்லை. யாரும் இல்லாதபோது குரல் கேட்கும், சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வரும், பேச்சு கோர்வை இல்லாமல் போகும். அம்பிக்குச் சொல்வது பல ஆளுமைக் கோளாறு. அந்தப் பெயரையே 1994-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் மாற்றிவிட்டார்கள். முழுசாகப் பல மனிதர்கள் இருக்கிறார்கள் என்று இல்லாமல், ஒரே மனிதனின் நினைவும் தன்னுணர்வும் விட்டுப்போய்த் துண்டு துண்டாக நிற்கிறது என்று பார்க்கிறார்கள். படம் வந்தது 2005-ல், பழைய பெயரோடுதான் வந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் அம்பி மாதிரி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்தது வேறு. சாமி வந்து இறங்குகிறது என்று கூட்டி வருவார்கள். செத்துப்போன மாமியார் குரலில் மருமகள் பேசுகிறாள் என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடமே உண்டு. நம் பக்கத்தில் மனசு உடைந்தால் அது சாமியாக, பேயாக வெளியே வருகிறது, ஏனென்றால் ஊருக்குப் புரிகிற பாஷை அதுதான். அந்தப் பெண்ணை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டால் வீட்டில் வாய் திறக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கும். மாமியார் குரலில் மட்டும்தான் அவளால் அந்த வீட்டில் அதட்ட முடிகிறது.

யோசித்துப் பார்த்தால் அம்பியும் அதே கதைதான். அவன் குரலில் சொன்னால் யாரும் கேட்கவில்லை. அந்நியன் குரலில் சொன்னால் ஸ்டேடியமே கேட்கிறது. இந்த அளவுக்குப் படம் எழுதியவர்கள் மனசைத் தெரிந்து எழுதியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஹிப்னாடிசம் செய்து ஒரே உட்காரலில் குழந்தைப் பருவத்தை அப்படியே வெளியே எடுக்கிறார்களே, அதை நம்பாதீர்கள். அந்த மயக்கத்தில் நடக்காததும் நடந்ததாக ஞாபகம் வரும், கேட்கிறவர் கேள்வியே பதிலை ஊட்டிவிடும். இதற்கென்று மாத்திரையும் கிடையாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பேசிப் பேசித்தான் சேர்க்க வேண்டும்.

அல்லிக்கேணி சார், மறைத்தான் அதனால் தெளிவு என்றீர்களே, அது சரியில்லை. நல்ல வீரியமான நோயில் இருக்கிறவர்களும் மறைப்பார்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் துப்புவார்கள். குரல் கேட்கவே இல்லை என்று டாக்டரிடம் சத்தியம் செய்வார்கள். மறைக்கத் தெரிவதும் நோய் இல்லாததும் ஒன்று இல்லை.

அல்லிக்கேணி | திங்கள், இரவு 10:05

நன்றி சிஸ்டர். மறைப்பு பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாமியார் குரலில் மட்டும்தான் அதட்ட முடிகிறது என்ற வரியை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை.

தம்பிக்காக | திங்கள், இரவு 11:48

இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாமல் தூக்கம் வரவில்லை.

என் தம்பிக்கு மனச்சிதைவு. அந்தப் படம் வந்தபோது கல்லூரி இரண்டாம் வருடம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவனுக்கு ஆரம்பித்திருந்தது. வகுப்பில் ஏதோ முணுமுணுத்திருக்கிறான். அன்றிலிருந்து அவனுக்கு அங்கே ‘அந்நியன்’ என்றுதான் பேர். போர்டில் எழுதினார்கள். அவன் உள்ளே வந்தால் முடியை முகத்தில் விட்டுக்கொண்டு தலையை ஆட்டிக் காட்டினார்கள். மற்ற மாணவர்கள் பயப்படுகிறார்கள், கூட்டிக்கொண்டு போங்கள் என்று நிர்வாகம் அப்பாவிடம் சொன்னது. அவன் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அவன்தான் பயந்துபோய்ப் பாத்ரூமில் உட்கார்ந்திருந்தான். படிப்பு அதோடு நின்றது.

நீங்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் பேசுகிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். புத்தி சரியில்லையா, தெரிஞ்சே செய்யறானா என்று எப்போது கேட்கிறோம்? ஒருவன் கொலை செய்த பிறகுதான் கேட்கிறோம். கொலையும் இந்தக் கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. என் தம்பி சமையல் செய்வான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான். அவனைப் பற்றி யாரும் இந்தக் கேள்வியை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. கீழ்ப்பாக்கம் கேஸ் என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

ரீல்பெட்டி | செவ்வாய், காலை 6:30

நானும் 2005-ல் முடியை முன்னால் போட்டுக்கொண்டு அந்நியன் செய்து காட்டியவன்தான். உங்கள் தம்பியின் கல்லூரி இல்லை, ஆனால் என் வகுப்பிலும் அமைதியான ஒரு பையன் இருந்தான், அவன் முன்னால் செய்தோம். அவனுக்கு என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கருப்புக்கோட்டு | செவ்வாய், காலை 7:25

தம்பிக்காக எழுதியவருக்கு: சட்டம் ஒன்று உங்களோடு நிற்கிறது, சொல்லியாக வேண்டும். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 3-ஆம் பிரிவு. ஒருவருக்கு மனநோய் உண்டா என்பதை ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகோலை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அவருடைய சமூக நிலையையோ, ஊர் வழக்கத்தோடும் ஒழுக்க நம்பிக்கையோடும் ஒத்துப்போகாததையோ வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. முன்பு ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது மட்டுமே இப்போது நோய் என்பதற்கு ஆதாரமாகாது.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். நான் அப்போது மாணவன். அந்தப் படங்களைப் பேப்பரில் பார்த்ததுதான் இந்தப் பக்கமாக என்னைப் படிக்க வைத்தது.

கதைக்காரி | செவ்வாய், மதியம் 12:20

குறும்படங்களுக்குத் திரைக்கதை எழுதுகிறேன். எழுதுகிறவள் பார்வையில் ஒன்று சொல்கிறேன்.

அந்நியனின் நோய் யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் காரில் ஏற்ற மறுத்தவன், ரயிலில் கெட்டுப்போன சாப்பாடு போட்டவன், தரமில்லாத பிரேக் ஒயர் செய்தவன். பார்க்கிற எல்லோருக்கும் கோபம் வருகிற ஆட்கள். நமக்குப் பிடிக்காதவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தண்டிக்கிற நோய் ஒன்று உலகத்தில் உண்டா? கொலையை நாம் ரசிக்க வேண்டும், ஆனால் அம்பி நல்லவனாகவே இருக்க வேண்டும். இரண்டையும் கட்ட ஒரு கயிறு தேவைப்பட்டது. நோயைக் கயிறாக்கிவிட்டார்கள்.

ஒரே ஓர் இடத்தில் அந்தக் கயிறு அறுகிறது. நிலத்தைப் பதிவு செய்யும்போது மதிப்பைக் குறைத்துக் காட்டிய நந்தினியையே அந்நியன் கொல்ல வருகிறான். முத்திரைத்தாள் பணத்துக்காக உயிர்! அந்த நிமிஷம்தான் இவனுக்கு அளவு தெரியவில்லை என்று எனக்கு உறைத்தது. நோயாளி என்று நான் நம்பியது அங்கே மட்டும்தான். மற்ற இடங்களில் அவன் நம் எல்லோருடைய ஆத்திரம், அவ்வளவுதான்.

மலர்சிஸ்டர் | செவ்வாய், இரவு 9:40

தம்பி, நீங்கள் எழுதியதை வார்டில் இன்னொரு சிஸ்டருக்கும் காட்டினேன். இந்த நோய் உள்ளவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதுதான் அதிகம். காயத்தோடு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது நாங்கள்தானே, எங்களுக்குத் தெரியும்.

கதைக்காரி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாமே வெறும் கயிறு என்று விட எனக்கு மனசு வரவில்லை, அந்தத் தங்கை விஷயம் அவ்வளவு நிஜமாக இருப்பதால். நேற்றிலிருந்து எனக்குள் ஓடுகிற ஒன்றைச் சொல்கிறேன்.

நோயின் வேர் வித்யா செத்ததுதான் என்று டாக்டரே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வருடம் சிகிச்சை நடந்திருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் அந்த எலெக்ட்ரீஷியன் என்ன ஆனான், உயிரோடு இருக்கிறானா, நேரில் பார்த்தால் உனக்கு என்ன செய்யும் என்று ஒருவராவது அம்பியைக் கேட்டிருப்பார்களா? நிஜத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முன் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்போம். யாரைப் பார்த்தால் கோபம் வரும், எந்தத் தெரு வழியாகப் போக முடியாது, எந்த நாள் வந்தால் தூக்கம் போகும். வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்துக் கேட்போம். நந்தினிக்கு அந்த ஆளின் முகம் தெரியுமா? தெரியாது. பக்கத்திலேயே இருந்தும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே போன பிறகு அவன் டாக்டரிடம் ரிவ்யூவுக்கு வந்த மாதிரியும் படத்தில் இல்லை.

அதனால் என் பதில், அவனுக்கு மறதி போய்விட்டது, ஆட்கள் மாறுவது நின்றுவிட்டது. அந்த அளவில் நோய் இறங்கிவிட்டது. ஆனால் புண் ஆறவில்லை, மேல்தோல் மட்டும் மூடியிருக்கிறது.

கருப்புக்கோட்டு | செவ்வாய், இரவு 10:30

சிஸ்டர் சொன்னதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. முதல் மூன்று கொலைகளும் ஊருக்காக என்று அவன் நினைத்தவை. நாலாவது தங்கைக்காக, அதாவது தனக்காக. அந்நியன் ஒருநாளும் தன் சொந்தக் கணக்கைத் தீர்த்ததில்லை. ஆகவே ரயிலில் தள்ளிய கை அந்நியனுடையதும் இல்லை, ரெமோவுடையதும் இல்லை. பத்து வயதிலிருந்து காத்திருந்த அம்பியின் கை.

அதனால்தான் 84 அவனுக்குக் கிடைக்காது என்கிறேன். ஆனால் தண்டனை எவ்வளவு என்று பேசும் கட்டம் ஒன்று உண்டு. அங்கே தங்கையையும், அந்த இரண்டு வருடத்தையும், யாரும் கேட்காத அந்தக் கேள்வியையும் நான் வைப்பேன். தூக்கு வேண்டாம் என்று கெஞ்சவும் தயங்க மாட்டேன். குடித்துவிட்டு வேலை பார்த்தவன் என்றாலும் செத்தவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் என்பதை அரசு வழக்கறிஞர் சொல்வார், சொல்ல வேண்டும்.

ரீல்பெட்டி | செவ்வாய், இரவு 11:05

மூன்று பேரும் சேர்ந்து முழு மனிதன் ஆனான் என்று ஆரம்பத்தில் எழுதினேன். இப்போதும் சேர்ந்தான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குணமானவன் என்று எழுதியதை எடுத்துவிடுகிறேன். இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

அல்லிக்கேணி | புதன், காலை 6:15

இழையை மகள் முழுவதும் படித்துவிட்டாள். நேற்று இரவு அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி போடச் சொன்னாள். இந்தத் தடவை அவள் அம்பியைப் பார்க்கவில்லை, நந்தினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவளுக்கு யாராவது சொல்லியிருக்கணும்ப்பா” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

தம்பிக்காக | புதன், காலை 7:00

எழுதிய எல்லோருக்கும் வணக்கம். ரீல்பெட்டி, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டது நன்றாக இருந்தது.

மலர் அக்கா, யாரைப் பார்த்தால் கோபம் வரும், எந்தத் தெரு வழியாகப் போக முடியாது என்று எழுதினீர்களே, அதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். இன்றைக்குத் தம்பிக்கு ரிவ்யூ. எட்டரை பஸ். இத்தனை வருடத்தில் அவனிடம் நான் கேட்டதில்லை. பஸ் ஏறும் முன்னால் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.